தண்ணீரில் விழுந்த அப்பா

காரில் நான்கு பேர். ஆனால் அப்பா மட்டும் இரண்டு.

ஒருவன் முன் சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான். கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். ஆறடி உயரம். பதினான்கு மாதம் கடலில் இருந்துவிட்டுப் புதன்கிழமைதான் வீடு வந்து சேர்ந்தவன்.

இன்னொரு அப்பா பின் சீட்டில், மகள் வாலுவின் மடியில் இருந்தது. நீல உறை போட்ட, ஒரு மூலையில் விரிசல் விட்ட கைபேசி. வாலுவுக்கு இரண்டு வயதாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் அதுதான்.

விமான நிலையத்தில் அவன் கை நீட்டியதும் அவள் போட்ட அலறலில், பெட்டி தள்ளிக்கொண்டு போன பாதிப் பேர் நின்று பார்த்தது போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நாலு நாள் ஓடிவிட்டது. நிலைமையில் ஒரே ஒரு முன்னேற்றம். இப்போது அவனை அவள் ‘அங்கிள்’ என்று கூப்பிடுகிறாள்.

தப்பு யார் மேல் என்றால், யார் மேலும் இல்லை. கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஊராரின் கண்ணைச் சோதித்துவிட்டு வீடு திரும்பும் மனைவி, மகளை மடியில் வைத்துக்கொண்டு தினமும் கேட்ட கேள்வி ஒன்றுதான். அப்பா எங்க? குழந்தை கைபேசியைக் காட்டும். கெட்டிக்காரி என்று முத்தம் கிடைக்கும். போகப் போக அப்பாவுக்கு பிஸ்கட் ஊட்டுவது, துண்டு போர்த்தித் தூங்க வைப்பது என்று குடித்தனமே தொடங்கிவிட்டது. உண்மையான ஆள் வாசலில் வந்து நின்றபோது வீட்டில் இடம் காலியில்லை.

தீம் பார்க் யோசனை மனைவியின் தம்பியுடையது. மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். விடுமுறை நாளில் மாட்டு வண்டிக்குக்கூட வழிவிட்டு ஓட்டுவான். வீட்டுக்குள்ளேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தால் எப்படி, வெளியே போய் நாலு ராட்டினம் சுற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன்தான் கிளப்பினான்.

கார் நிறுத்தும் இடத்தில், தள்ளுவண்டியை டிக்கியிலிருந்து இறக்கும்போது, இன்ஜினியர் அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான்.

கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. பெரிய கப்பல், தலைமை இன்ஜினியர் பதவி, ஏழு மாதம். பத்து வருடமாக அவன் வாய் விட்டுக் கேட்டும் கிடைக்காதது. வேண்டாம் என்றால் இந்த ஊரிலேயே கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் ஒரு வேலை இருக்கிறது. பதவி ஒரு படி கீழே, ஆனால் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். எதுவானாலும் இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும். இரண்டு பதிலையும் கைபேசியில் எழுதி வைத்திருக்கிறான். எதையும் அனுப்பவில்லை.

“இன்னைக்கு ஒரே ஒரு தடவை அவளா எங்கிட்ட வந்துட்டா நான் போகமாட்டேன் மாப்ள. வரலைன்னா போயிடறேன். அங்க இருந்தாலாவது அப்பாவா இருப்பேன்.”

தம்பிக்காரன் தள்ளுவண்டியின் சக்கரத்தை விரித்தபடியே யோசித்தான்.

“நல்ல நீதிபதியைப் பிடிச்சீங்க அத்தான். இன்னும் செருப்பையே கால் மாத்திப் போட்டுட்டுத் திரியறா.”

இன்ஜினியர் சிரிக்கவில்லை. அக்காவிடம் சொல்லாதே என்றான். தம்பிக்காரன் தலையாட்டினான்.

நுழைவாயிலில் ஒட்டகச்சிவிங்கி வரைந்த பலகை. அதன் முழங்காலுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மூன்றே விளையாட்டு என்று வாயிற்காப்பாளர் சொன்னார். குதிரை ராட்டினம், குட்டி ரயில், அன்னப் படகு. வாலு முழங்காலுக்கு வெகு கீழே, குளம்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள்.

அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் அந்தப் பூங்காவிலேயே தலைசிறந்த பொருளைக் கண்டுபிடித்துவிட்டாள். தவளை வடிவக் குப்பைத்தொட்டி. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் ஒரு காகிதத்தைப் போட்டாள். எட்டிப் பார்த்தாள். இன்னொன்று போட்டாள். வானத்தில் ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஒரு ராட்சத இயந்திரம் கதறிக்கொண்டு போனது. வாலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தவளைக்குத் தீனி தீர்ந்தபோது இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்துக் குனிந்து நீட்டினான். அவள் ரசீதைப் பார்த்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். கை எங்கே போய் முடிகிறது என்று மேலே மேலே பார்த்துக்கொண்டே போனாள்.

“அங்கிள் வேணா.”

அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

குதிரை ராட்டினத்திலும் அதே கதை. அம்மா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், நடுவில் வெள்ளைக் குதிரை மேல் வாலு. இன்ஜினியர் கம்பிக்கு வெளியே நின்று, ஒவ்வொரு சுற்றிலும் கையசைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது மட்டும் அவள் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த இடம் தாண்டியதும் நிமிர்ந்தாள்.

நான்காவது சுற்றில் அவன் கையசைப்பதை நிறுத்திவிட்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தான். கடலிலிருந்து பேசும்போதெல்லாம் கப்பல் சங்கொலியை வாயால் ஊதிக் காட்டுவான். கைபேசியில் அதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது அதையே ஊதினான். பாவம், கைபேசியின் குட்டி ஒலிபெருக்கி வழியாக வந்த சத்தம் வேறு, ஆறடி ஆளின் நெஞ்சிலிருந்து நேராக வந்த சத்தம் வேறு. வாலு வீரிட்டாள். பக்கத்துக் குதிரையில் இருந்த பையனும் துணைக்கு வீரிட்டான். ராட்டினக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

மணி இரண்டே முக்கால்.

நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். வாலு தன் நீல அப்பாவுக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள். மனைவி கணவனின் முகத்தைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தாள்.

தம்பிக்காரனுக்குத்தான் பொறுக்கவில்லை. அத்தானைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். பாப்கார்ன் கடைக்குப் பின்னால் நின்று அக்கா நம்பருக்கு வீடியோ கால் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றான். இன்ஜினியருக்கு இது பிச்சை எடுப்பது போலப் பட்டது. ஆனாலும் போனான்.

அழைப்பு மணி அடித்ததும் அங்கே பெஞ்சு மேல் ஒரு திருவிழாவே நடந்தது.

“அப்பா. அப்பா. அப்பா.”

கடையின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் முப்பதடி தூரத்தில் மகள் தெரிந்தாள். குனிந்தால் கையில் தெரிந்தாள். கையில் தெரிந்தவள்தான் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்பாவுக்குத் தவளையைக் காட்டினாள். குதிரையைக் காட்டினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பயங்கரமான ஒரு செய்தியையும் சொன்னாள்.

“அங்கிள்... ப்போம்.”

“அப்படியா? அங்கிள் கத்தினாரா? நான் அவரைத் திட்டறேன்டா செல்லம்” என்றான் இன்ஜினியர். பாப்கார்ன் கடைக்காரர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அழைப்பைத் துண்டிக்க வாலு விடவில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் படகில் ஏறினாள். அன்னத்தின் கழுத்து வைத்த குட்டிப் படகுகள், தண்ணீருக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே நகரும். மனைவி ஒரு கையால் குழந்தையின் இடுப்பை வளைத்துப் பிடித்திருந்தாள். படகு வளைவில் திரும்பி மரங்களுக்குப் பின்னால் போனது. அதன்பின் கடைப் பக்கத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. கையில் இருந்த சதுரம் மட்டும்தான்.

அதில் மகளின் மோவாய் தெரிந்தது. “அப்பா, தண்ணி பாரு” என்றது. பிறகு ஆகாயம் தெரிந்தது. ஒரு மரக்கிளை. மனைவியின் வளையல். சட்டென்று பச்சை நிறத் தண்ணீர், மிக அருகே, பொங்கிக்கொண்டு வந்தது.

பிறகு கறுப்பு.

கறுப்புக்குப் பின்னால், மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குழந்தையின் அலறல்.

இன்ஜினியர் ஓடினான். யார் மேலெல்லாம் இடித்தான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தள்ளுவண்டியைத் தாண்டினான், பூச்செடி வரிசையை மிதித்தான், கைப்பிடிக் கம்பியில் கை வைத்து ஒரே எம்பில் தண்ணீருக்குள் குதித்தான்.

தண்ணீர் முட்டி வரை இருந்தது.

நாலு பெருங்கடலையும் பார்த்தவன் பாசி வழுக்கி, அந்த முட்டித் தண்ணீரில் குப்புற விழுந்தான். கரையில் விசில் ஒலித்தது. எழுந்து, முகத்தில் வழிந்ததைத் துடைத்தபோது ஐந்தடி தூரத்தில் படகு. படகில் மனைவி. மனைவியின் இரண்டு கைக்குள்ளும், முழுசாக, ஒரு சொட்டு ஈரமில்லாமல், வாலு.



வாலு அவனைப் பார்த்துக் கதறவில்லை. அவனுக்குப் பக்கத்தில், தண்ணீரைக் காட்டிக் கதறினாள்.

“அப்பா விழுந்து. அப்பா விழுந்து.”

“எதுவும் ஆகலைங்க. போன்தான்” என்றாள் மனைவி.

காவலர் கரையோரமாக வந்து சேர்ந்தார். இதில் படகுதான் போகலாம், ஆள் போகக்கூடாது, உடனே மேலே ஏற வேண்டும் என்று சட்டம் பேசினார். குழந்தையின் அழுகையைக் கேட்டார். என்ன விழுந்தது என்று விசாரித்தார். அவங்க அப்பா சார் என்றான், மூச்சிரைக்க ஓடி வந்திருந்த தம்பிக்காரன். காவலர் தண்ணீரில் நிற்பவனைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், எதற்கு வம்பு என்று இலை அள்ளும் வலையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வலைக்கு அகப்படவில்லை. காலால் துழாவித்தான் கிடைத்தது. பாசியும் சேறுமாக நீலக் கைபேசியை அவன் தூக்கிக் காட்டியபோது வாலுவின் அழுகை பாதியில் நின்றது.

கரையில், வெயில் விழுந்த சிமென்ட் தரையில் அவன் சப்பணமிட்டு உட்கார்ந்தான். ஓடும்போது சட்டைப் பையில் திணித்திருந்த அவனுடைய கைபேசியும் செத்திருந்தது. அதைத் தூரப் போட்டுவிட்டு, நீல உறையை மட்டும் கழற்றினான். மனைவியின் கைக்குட்டையை வாங்கி ஓரம் ஓரமாக ஒற்றினான். ஊதினான். தட்டினான். எத்தனையோ இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிய கை அது. அந்தக் கைக்கு வேலை என்று ஒன்று வந்துவிட்டால் வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. குழந்தை தன்னைப் பார்க்கிறாளா என்று இந்த நாலு நாளில் முதல் தடவையாக அவன் கவனிக்கவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். ஓரடி வந்தாள். நின்றாள்.

“அங்கிள். அப்பா ஈரம்.”

“ஆமாம்டா. துடைச்சிட்டா சரியாயிடும்” என்றான், தலை நிமிராமல்.

இன்னும் ஓரடி. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை போலும். முழங்கால் மேல் ஒரு கால் போட்டு ஏறி, அவன் மடிக்குள் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் கைக்குட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஜினியரின் கை நின்றுவிட்டது.

“அத்தான், அசையாதீங்க” என்றான் தம்பிக்காரன், மூச்சுக் குரலில். “மூச்சும் விடாதீங்க.”

கைபேசி விழிக்கவில்லை. வாலு அதைத் தட்டினாள், முத்தம் கொடுத்தாள், மறுபடி தட்டினாள். ஏன் விழிக்கவில்லை என்று கேட்க, மடியில் இருந்தபடியே தலையை அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

ஒரு விரல் மேலே வந்தது. அவன் மோவாயைத் தொட்டது. அதற்கு மேலே போய் அவன் மூக்குத் துவாரத்துக்குள் நுழைந்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது.

“அப்பா?”

கேள்வியாகத்தான் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, அடுத்த தடவை கேள்வி இல்லை.

“அப்பா.”

முதலில் விளங்கியது மனைவிக்குத்தான். கண்ணைச் சோதிக்கிறவளுக்கு அது இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று. கப்பலில் தன் படுக்கையில் உட்கார்ந்து, கைபேசியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் அவன் பேசுவான். கீழேயிருந்து தெரியும் மோவாயும் மூக்கும்தான் குழந்தைக்கு அப்பா முகம். எதிரே வந்து நிற்கிற, குனிந்து சிரிக்கிற இந்த ஆளை அவள் எங்கே பார்த்தாள்?

“பதினாலு மாசமா உங்க மூக்கு ஓட்டையைத்தான் பார்த்திருக்கா அத்தான்” என்றான் தம்பிக்காரன். சொல்லிவிட்டு, கண்ணில் தூசி விழுந்தவன் போலத் திரும்பிக்கொண்டான்.

அதன்பின் அந்தத் தரையை விட்டு அவர்கள் நகரவில்லை. குட்டி ரயில் கூவிக் கூவிக் கூப்பிட்டுவிட்டுப் போனது. வாலு அப்பாவின் காதைத் திருகினாள். மீசையைப் பிரித்துப் பார்த்தாள். படத்தில் இல்லாத கை கால்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தாள். அழுத களைப்பும் வெயிலும் சேர்ந்துகொள்ள, அவன் ஈரக் காலரை ஒரு கையால் இறுகப் பற்றியபடி தூங்கிப்போனாள். தவளைத் தொட்டி அருகே இருந்த பெஞ்சுக்கு அவன் மெல்ல எழுந்து நடந்தபோதும் அந்தப் பிடி விடவில்லை.

தம்பிக்காரன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். இன்ஜினியர் தலையசைத்தான். இன்னும் நேரம் இருந்தது. மச்சானின் கைபேசியில் கம்பெனியைக் கூப்பிட்டு, வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

மணி நாலு ஐம்பது. கூப்பிடுவதற்குள் அந்தக் கைபேசியே அடித்தது.

கம்பெனியில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் அதிகாரி. அவனுடைய எண்ணும் மனைவியின் எண்ணும் கிடைக்காததால் படிவத்தில் மூன்றாவதாக இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டதாகச் சொன்னார். நல்ல செய்தி என்றார். கப்பல் முன்கூட்டியே துறைமுகத்துக்கு வருகிறது. வியாழக்கிழமை காலையே விமானம்.

இன்ஜினியர் குழந்தை எழாதபடி குரலைத் தாழ்த்தினான். தான் இன்னும் பதிலே அனுப்பவில்லையே என்றான்.

“காலையில ஏழு பத்துக்கே உங்க சம்மதம் வந்துடுச்சே சார். பயணச்சீட்டே போட்டாச்சு. மாத்தணும்னா அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. இன்னொருத்தர் வரிசையில காத்திருக்கார்.”

அவன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தான். தம்பிக்காரனைப் பார்த்தான். அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

அவள் பார்வையைத் திருப்பவில்லை.

“நான்தான் அனுப்பினேன். நீங்க குளிக்கப் போயிருந்தீங்க.”

இரண்டையும் படித்தாளாம். போகிறேன் என்று எழுதியது நாலே வரி, கீழே பெயரோடு முடிந்திருந்தது. போகவில்லை என்று எழுதியது அரைப் பக்கம், பாதியில் நின்றிருந்தது. அவளுக்கு அதிலிருந்து ஒன்றுதான் புரிந்தது.

“நாலு நாளா இந்தக் குழந்தை முகத்தைத் திருப்பும்போதெல்லாம் நீங்க கொஞ்சம் கொஞ்சமா சின்னதாயிட்டே போறீங்க. என்னால பார்க்க முடியலைங்க. பத்து வருஷமா கேட்ட பதவி வேற. நான் போகாதீங்கன்னு சொல்லி, நாளைக்கு அது உறுத்தினா? அதான் உங்களைக் கேக்காம அனுப்பிட்டேன். வாயைத் திறந்திருந்தா போகாதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.”

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும், காலரைப் பற்றியிருந்த அந்தக் குட்டிக் கை குரலை உயர்த்த விட்டிருக்காது.

“முடிக்க மனசில்லாம நிறுத்தலை. ‘என் மகள்’னு எழுதினேன். அதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியலை. அவளுக்கு என்னைத் தெரியாதப்போ, அவளைக் காரணம் காட்டி எப்படி எழுதறது?”

கைபேசிக்குள்ளிருந்து அதிகாரியின் குரல், லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டது. மணி நாலு ஐம்பத்தாறு.

இன்ஜினியர் கைபேசியை மனைவியிடம் நீட்டினான்.

“எனக்கு உறுத்தாது. அது நிச்சயம். ஆனா காலையில நீ எடுத்த முடிவையும் நான் மீறமாட்டேன். அப்போ நினைச்சதுதான் சரின்னு இப்பவும் தோணுச்சுன்னா, அப்படியே போனை வெச்சுடு. நான் வியாழக்கிழமை கிளம்பறேன். இல்லைன்னா, நான் வரலைன்னு நீயே சொல்லிடு.”



அவள் கைபேசியை வாங்கினாள். உடனே காதில் வைக்கவில்லை. கணவனின் ஈரத் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் மகளைப் பார்த்தாள். அந்தத் தோளில் அவள் தலை படிந்திருந்த இடம் மட்டும் சூட்டில் காய்ந்து வெளுத்திருந்தது.

பிறகு கைபேசியை உயர்த்தினாள்.

“சார், வணக்கம். நான் அவரோட மனைவி பேசறேன்” என்றாள். “கொஞ்சம் மெதுவாத்தான் பேச முடியும். குழந்தை அவங்க அப்பா மேல தூங்குறா.”